மகளின் வாலிபால் கிளப்புக்கு 4,800 டாலர் என்று எழுதியிருந்தீர்கள். கூட்டிப் பார்த்தால் 10,340

கேள்வி: பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். எனக்கும் பிள்ளைகளுக்கும் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசா. எனக்கு வேலை செய்ய ஈஏடி என்ற அனுமதி அட்டையும் இருக்கிறது. ஒரு கடையில் பகுதிநேர வேலை. மகள் பத்தாம் வகுப்பு, பள்ளி வாலிபால் அணியில் விளையாடுகிறாள். போன வருஷம் பள்ளி சீசன் முடிந்ததும் பள்ளிக்கு வெளியே ஒரு தனியார் கிளப்பில் சேர்த்தோம். இந்த வருஷமும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டணம் அதே 4,800 டாலர். வெள்ளிக்கிழமைக்குள் 500 டாலர் டெபாசிட் கட்ட வேண்டும். போன வருஷச் செலவில் 6,800 டாலர் இன்னும் கிரெடிட் கார்டில் நிற்கிறது. ஊரில் மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். "ஸ்காலர்ஷிப் கிடைத்தால் போட்டதெல்லாம் திரும்பி வந்துவிடும்" என்கிறார் கணவர். மகன் எட்டாம் வகுப்பு, ட்ரம்பெட் வாசிக்கிறான். அடுத்த வருஷம் ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில் (அணிவகுத்து வாசிக்கும் இசைக்குழு) சேர ஆசைப்படுகிறான். பள்ளி அணியில் விளையாடவே 350 டாலர் "யூசர் ஃபீ" என்று கட்டணம் கேட்கிறார்கள், அது ஏன்? போன வருஷம் போட்டிகளுக்காகப் பத்து சனிக்கிழமை கடை வேலைக்குப் போகவில்லை. பணம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வீட்டு வரவு செலவையும் போன வருஷக் கார்டு கணக்கையும் இணைத்திருக்கிறேன். இப்போது நான் வேண்டாம் என்று சொன்னால் மகளின் எதிர்காலத்தை நானே கெடுத்த மாதிரி ஆகிவிடுமோ?

— ஒரு வாசகி, மாசசூசெட்ஸ்

அன்புள்ள சகோதரி,

முதலில் வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த 500 டாலரை இப்போது கட்டாதீர்கள். பெரும்பாலான கிளப்களில் டெபாசிட் கட்டினால் திரும்பக் கிடைக்காது. அதோடு நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில், நடுவில் விலகினாலும் அடிபட்டு உட்கார்ந்தாலும் முழு சீசன் கட்டணமும் உங்கள் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படித்துப் பாருங்கள். கட்டணம் 500 என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறோம், உண்மையில் 4,800-க்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம்.

அப்புறம், நீங்கள் இணைத்திருந்த கார்டு கணக்கை ஒரு முழு மாலை உட்கார்ந்து பார்த்தேன். வாலிபாலுக்கு ஆனது எது, வீட்டுக்கு ஆனது எது என்று பென்சிலால் பிரித்தேன். கிளப் கட்டணம் 4,800. சீருடை, பை, ஜாக்கெட் சேர்த்து 400. வெளியூர் போட்டி ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரவு ஹோட்டல், மொத்தம் 1,900. அந்த ஐந்து பயணத்துக்கும் பெட்ரோலும் சாப்பாடும் 750. போட்டியைப் பார்க்க உங்கள் இருவருக்கும் வாசலில் வாங்கிய டிக்கெட் 300. ஷூவும் முழங்கால் பட்டையும் 250. தனிப் பயிற்சி பன்னிரண்டு வகுப்பு, தலா 70 என்று 840. இதுவரை 9,240.

கார்டில் வராத ஒன்றும் உண்டு. பத்து சனிக்கிழமை நீங்கள் கடை வேலைக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாளுக்கு 110 டாலர் வைத்தால் அது 1,100. ஆக 10,340. கிளப் சொன்ன தொகையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். போன வருஷம் எங்கே பணம் போனதென்றே தெரியவில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அது உங்கள் ஊதாரித்தனம் இல்லை, சகோதரி. இந்த அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஹோட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய போட்டிகளில் பலவற்றில், நடத்துபவர் சொல்லும் ஹோட்டலில் அவர் மூலமாகவே அறை எடுத்தால்தான் அணி விளையாட முடியும். உறவினர் வீடு பக்கத்தில் இருந்தாலும் அங்கே தங்கிக்கொள்கிறோம் என்று சொல்ல வழியில்லை. உங்கள் கணக்கிலும் இரண்டு ஊரில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

நீங்கள் தனி ஆள் இல்லை. பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி ஆராயும் ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு எடுத்த கணக்கெடுப்பின்படி, 2024-இல் அமெரிக்கக் குடும்பங்கள் ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு மட்டும் சராசரியாக 1,016 டாலர் செலவழித்திருக்கின்றன. 2019-ஐ விட அது 46 சதவீதம் அதிகம். சராசரி என்பது பக்கத்துப் பூங்காவில் விளையாடும் பிள்ளையையும் சேர்த்துத்தான். கிளப், வெளியூர்ப் பயணம் என்று இறங்கிவிட்டால் அந்த எண் எங்கேயோ போய்விடுகிறது.

பள்ளிக்கட்டணத்தையும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பள்ளி வாங்கும் 350 டாலர் "யூசர் ஃபீ" ஏன் வந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் கோபம் தணியும். மாசசூசெட்ஸில் 1980-இல் மக்கள் வாக்களித்து, ஊர்கள் சொத்து வரியாக வசூலிக்கும் மொத்தத் தொகையை, புதுக் கட்டுமானத்தால் வரும் வரி நீங்கலாக, ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் தாமாக உயர்த்தக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் அந்த ஊர் மக்கள் மறுபடி வாக்களித்து அனுமதிக்க வேண்டும். பள்ளிச் செலவு அந்த வரம்புக்குள் நிற்காதபோது பல ஊர்கள் விளையாட்டுக்கும் பேருந்துக்கும் பெற்றோரிடம் கை நீட்டின. எல்லா மாநிலமும் இப்படி இல்லை. கலிஃபோர்னியாவில், அரசுப் பள்ளிகள் விளையாட்டு, இசை போன்ற செயல்பாடுகளுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1984-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நீங்கள் இருக்கும் இடத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் இந்த 350-ஐக் கட்டச் சொல்வேன். பயிற்சியாளர், ஜிம், பேருந்து, ஒரு சீசன் முழுக்க ஆட்டம். இதில் மகளுக்குக் கிடைப்பதற்கு அது குறைவான விலைதான்.

கட்டுவதற்கு முன்னால் பள்ளியின் அத்லெட்டிக் டைரக்டருக்கு, அதாவது விளையாட்டுப் பொறுப்பாளருக்கு, ஒரு மெயில் போடுங்கள். குடும்பத்துக்கு உச்சவரம்பு உண்டா, தவணையில் கட்டலாமா, சலுகைக்கு விண்ணப்பம் உண்டா என்ற மூன்று கேள்வி போதும். வருமான அடிப்படையில் இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள குடும்பங்களுக்குத்தான் பல பள்ளிகளில் முழுத் தள்ளுபடி. உங்கள் வருமானத்துக்கு அது வராது. உச்சவரம்பும் தவணையும் வரலாம். நம்மவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நான்கு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம். அந்த மெயிலைப் பார்ப்பவர் ஒருவரோ இருவரோதான். அவர்கள் வாரம் தோறும் இப்படிப்பட்ட மெயில்களைப் பார்ப்பவர்கள். வேண்டியதைக் கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். விளையாட சேர்வதற்கு மருத்துவச் சான்று வேண்டும் என்பார்கள். கடைசி நேரத்தில் அவசர கிளினிக்குக்கு ஓடிப் பணம் கொடுக்காமல், மகளின் வருடாந்தரப் பரிசோதனையின்போதே அந்தப் படிவத்தைக் குழந்தை மருத்துவரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தப் பரிசோதனை பெரும்பாலும் காப்பீட்டிலேயே அடங்கிவிடும்.

இனி உங்கள் கணவர் சொல்வது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகையும் கடனும் கிடையாது. கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நிலையில் இருக்கும் ஒரு தகப்பன், மகள் பந்தை ஓங்கி அடிப்பதைப் பார்க்கும்போது அதில் ஒரு வழி தெரிவது இயல்புதான். அந்த நம்பிக்கை அவருடைய பாசத்திலிருந்து வருகிறது. ஆனால் அந்த வழி எவ்வளவு குறுகலானது என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹைஸ்கூலில் விளையாடும் பிள்ளைகளில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் கல்லூரியில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது. இதைச் சொல்வது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பே. அந்த அமைப்பின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் தருவதில்லை. முதல் பிரிவுப் பெண்கள் வாலிபாலில் முன்பு ஒரு கல்லூரிக்கு 12 ஸ்காலர்ஷிப், கிடைத்தவர்களுக்கு முழுத்தொகை என்று இருந்தது. கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த எண்ணிக்கை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. பணத்தைப் பலருக்குப் பங்கு போட்டும் கொடுக்கலாம். ஆகவே "கிடைத்தது" என்றாலும் அது கால் பங்கா முழுப் பங்கா என்பது வேறு கேள்வி.

உங்கள் கணவரிடம் ஒரு கணக்கை மட்டும் காட்டுங்கள். போன வருஷத்தைப்போல இன்னும் மூன்று வருஷம் போனால் 31,020 டாலர். இந்தப் பணம் கையில் இருந்தால், எந்தப் பயிற்சியாளரும் மகளைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் அவளுடைய கல்லூரிப் படிப்புக்கு உறுதியாக உதவும்.

அவளுக்கு உண்மையிலேயே கல்லூரியில் ஆட வேண்டும் என்ற ஆசை இருந்தால், அதற்குச் செலவில்லாத வழியும் உண்டு. கல்லூரிகளின் விளையாட்டுத் தளங்களில் வீரர்களுக்கான கேள்விப் படிவம் இருக்கும். நிரப்பக் காசு வேண்டாம். பள்ளி ஆட்டத்தைப் போனில் எடுத்து, மூன்று நிமிடத்துக்குச் சுருக்கி, அவளே பயிற்சியாளர்களுக்கு மெயில் எழுதலாம். முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-இலிருந்துதான் வாலிபால் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பதில் எழுத முடியும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. "நாங்கள் கல்லூரியில் சேர்த்துவிடுகிறோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் நிறுவனங்களின் விளம்பரம் வந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை மிகவும் உறுத்தியது கடைசி வரி. வேண்டாம் என்று சொன்னால் மகளின் எதிர்காலத்தைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனா என்று கேட்டிருந்தீர்கள். இதற்குப் பதில் சொல்ல என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் பெரியவன் பதினோராம் வகுப்பில் நீச்சல் அணியில் இருந்தான். நான் ஊருக்கெல்லாம் பண ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த அதே வருஷம், அவனுடைய கட்டணத்துக்குக் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏன் கவலை என்று நினைத்தேன். ஒருநாள் வந்து, "பாடம் அதிகமாக இருக்கிறது, நீச்சலை விட்டுவிடுகிறேன்" என்றான். எனக்கு உள்ளூர நிம்மதிகூட வந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கல்லூரி விடுமுறையில் வந்தபோது, பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான். தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்த கார்டு நிறுவனக் கடிதத்தை அவன் பிரித்துப் பார்த்திருக்கிறான். பாக்கித் தொகையைப் பார்த்த மறுநாளே பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லிவிட்டானாம். அவன் அலமாரியைத் திறந்து பார்த்தேன். நீச்சல் பை அப்படியே இருந்தது. துண்டு மடங்கிக் காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தது, குளோரின் வாசம்கூடப் போகவில்லை. நான் அவனிடம் அந்த எண்ணைச் சொல்லியிருந்தால், பயணம் இல்லாத ஊர் அணி ஒன்றில் அவன் நீந்திக்கொண்டிருந்திருப்பான். அவனுக்கு அப்படி ஒரு வழி இருந்தது தெரியாது. எனக்கு அவன் விடப்போகிறான் என்று தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். "வேண்டாம்" என்று சொல்வதால் உங்கள் மகள் கெட்டுப்போக மாட்டாள். காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தினாலும், காரணத்தை மறைத்துக் கடனில் திறந்து வைத்தாலும் அவள் அதைத் தன் தவறாக எடுத்துக்கொள்வாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எண்கள் புரியும். தாத்தாவின் டயாலிசிஸுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்பதையும் சொல்லுங்கள். அது அவளுடைய தாத்தாவும்தானே.

எவ்வளவு என்பதை முதலில் நீங்களும் கணவரும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உங்கள் கார்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். 6,800-க்கு மாத வட்டி மட்டும் 136 டாலர். நீங்கள் இப்போது கட்டும் 150-இல் அசலில் 14 டாலர்தான் கழிகிறது. இதை மாதம் 400-ஆக உயர்த்தினால் இரண்டு வருஷத்துக்குள் கடன் தீர்ந்துவிடும். வாடகை, ஊருக்கு அனுப்புவது, இந்த 400 எல்லாம் போக உங்கள் வரவில் மிஞ்சுவதைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3,000 டாலர் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் மறுபடி கார்டுதான்.

மூவாயிரத்துக்குள் மகளுக்கு நிறையவே செய்யலாம். பள்ளி அணி இருக்கிறது. கிளப்பில் வெளியூர் போகாத உள்ளூர் அணி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். பல கிளப்கள் வைத்திருக்கும், முதலில் சொல்ல மாட்டார்கள். கட்டணச் சலுகை நிதி உண்டா என்றும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். உள்ளூர் அணி இல்லையென்றால் இந்தக் குளிர்காலம் கிளப் இல்லாமல் போகட்டும், கோடையில் பக்கத்துக் கல்லூரி நடத்தும் ஒரு வார முகாமுக்கு அனுப்பலாம். ஓய்வு அவள் தோளுக்கும் நல்லது. ஒரே விளையாட்டை ஆண்டு முழுக்க ஆடும் பிள்ளைகள் வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமாவது, ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. போன மார்ச்சில் அவளுக்குத் தோள்வலி என்று ஃபிசியோதெரபிக்குப் போனதும் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது; அதை நான் மேலே சேர்க்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மற்ற குடும்பங்கள் "பிள்ளையை ஒரு பார்ட் டைம் வேலைக்கு அனுப்பு, அவள் செலவை அவளே பார்த்துக்கொள்ளட்டும்" என்பார்கள். உங்கள் மகள் ஹெச்-4-இல் இருப்பதால் சம்பள வேலை செய்யக் கூடாது. ஈஏடி வாழ்க்கைத்துணைக்கு மட்டும்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறோம் என்று கிளப் சொன்னாலும் அதுவும் கூலியாகப் பார்க்கப்படலாம். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மகன் விஷயம். அக்காவுக்கு முழுதும் போய், தம்பி ஆசைப்படும்போது பை காலியாக இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதனால்தான் இருவருக்கும் சேர்த்து ஒரே தொகை என்றேன். ட்ரம்பெட்டைப் புதிதாக வாங்க வேண்டாம். பள்ளியில் இரவல் கருவி உண்டா என்று பேண்ட் ஆசிரியரைக் கேளுங்கள். இல்லையென்றால் நன்றாகப் பழுது பார்த்த பழையது போதும். மார்ச்சிங் பேண்டில் சீருடை, முகாம், பயணம் என்று எல்லாம் வரும். சேர்வதற்கு முன்பே போன வருஷம் மொத்தம் எவ்வளவு ஆனது என்று இரண்டாம் வருஷப் பிள்ளையின் பெற்றோர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள். சரியான எண் அவர்களிடம்தான் இருக்கும்.

பேண்டுக்கும் அணிக்கும் பணம் திரட்டும் பெற்றோர் அமைப்பான பூஸ்டர் கிளப்பிலிருந்து நன்கொடை கேட்டு வருவார்கள். நன்கொடை என்பது கட்டணம் கிடையாது. முடியாவிட்டால் முடியாது என்று சொல்லலாம், அதற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்த முடியாது. இன்னொன்றும் சொல்வார்கள்: "நீங்கள் இத்தனை பெட்டி சாக்லேட் விற்றால் அந்த லாபத்தை உங்கள் பையனின் கணக்கிலேயே கழித்துக்கொள்வோம்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு அப்படிச் செய்யக் கூடாது. வர்ஜீனியாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் ஒன்று, விற்ற பெற்றோருக்கு மட்டும் புள்ளி போட்டு அவரவர் கட்டணத்தைக் குறைத்ததால் தன் வரிவிலக்கை இழந்தது. 2013-இல் வரி நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. திரட்டும் பணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகப் போகிற இடத்தில் உங்கள் நேரத்தைக் கொடுங்கள்.

கிளப்புக்கு எழுத வேண்டிய மெயிலை எளிதாகவே எழுதுங்கள். "எங்கள் மகளுக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. இந்த வருஷம் எங்களால் வெளியூர்ப் போட்டி அணியின் செலவை ஏற்க முடியாது. உள்ளூர் அணியில் இடம் இருக்கிறதா? கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாமா? சீக்கிரம் தெரிவித்தால் உதவியாக இருக்கும்." இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டாம், மாமனார் கதையெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை.

அதற்கு முன்னால் வியாழன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் பேசிவிடுங்கள். கார்டு கணக்கின் நகலை நான் பென்சில் கோடுகளோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதையே மேஜையில் வைக்கலாம். தொகையைக் கணவர் வாயால் சொல்லட்டும். ஸ்காலர்ஷிப் பேச்சு அவர் தொடங்கியது என்பதால் அவர் சொன்னால்தான் மகளுக்கு அது அப்பா, அம்மா இருவரின் முடிவாகத் தெரியும். அவள் அழலாம், அழட்டும், உடனே சமாதானம் சொல்லி எண்ணை மாற்றிவிடாதீர்கள். பேசும்போது தம்பியும் கூட இருக்கட்டும்.